தொண்டைக்கு ஒரு நாள், மலச்சிக்கலுக்கு இரண்டு வருடம்

என் மகளுக்குப் பிறவியிலேயே கொப்புள நோய். எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்பது முழுப்பெயர், சுருக்கமாக ஈ.பி. அவளுக்கு இருப்பது டிஸ்ட்ரோஃபிக் வகையில் கடுமையானது. மேல்தோலை அடித்தோலோடு பிடித்துவைக்கும் ஏழாம் வகைக் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாகாததால், லேசாக உரசினாலே தோல் பிய்ந்துவிடும். புண்ணைக் கழுவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டுவதிலேயே காலைப்பொழுது முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற புண்ணைத் தாண்டி எதையும் யோசிக்க நேரம் இருந்ததில்லை.

ஆறு வயதில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தாள். கெட்டியாக எதைக் கொடுத்தாலும் வாயிலேயே வைத்திருப்பாள். அடம் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். இன்னமும் உறுத்துகிறது. ஒருநாள் ஒரு சின்னத் துண்டு சிக்கிக்கொண்டு, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வழியவிட்டு நின்றாள். அப்புறம்தான் புரிந்தது.

வாய், உணவுக்குழாய், ஆசனவாய் ஆகியவற்றின் உட்புறமும் கிட்டத்தட்டத் தோல் மாதிரிதானாம். அங்கேயும் கொப்புளம் வரும், ஆறும், தழும்பாகிச் சுருங்கும். எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுத்த படத்தில், உணவுக்குழாயின் மேல்பகுதியில் ஓரிடம் நூல் மாதிரி தெரிந்தது.

சுருங்கிய இடத்தைப் பலூனால் விரிக்க முடிவு செய்தார்கள். கம்பி போன்ற கருவிகளை உள்ளே தள்ளினால் சுவர் உரசிக் கிழியலாம். பலூன் நின்ற இடத்திலேயே விரிவதால் உரசல் குறைவு. எனக்குப் பயம் பலூன் மேல் இல்லை, பிளாஸ்திரி மேல்தான். அதை ஒட்டி எடுத்தால் தோலும் கூடவே வந்துவிடும். மயக்க மருத்துவரிடம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் சிரிக்காமல் முழுதும் படித்தார். மயக்க மருந்து முகமூடி படும் இடத்தில் பாரஃபின் தடவினார்கள், மூச்சுக்காக வைத்த குழாயை ஒட்டாமல் துணிநாடாவால் கட்டினார்கள். அன்று மாலையே தண்ணீர் குடித்தாள். நெஞ்சுவலியோ காய்ச்சலோ வந்தால் உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம், உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படி எதுவும் வரவில்லை.

தொண்டை கதை அவ்வளவுதான். எங்களை உண்மையில் ஆட்டிவைத்தது மலச்சிக்கல்.

ஆசனவாயில் வெடிப்பு. போனால் வலிக்கும் என்று அடக்குவாள், அடக்கினால் இறுகும், இறுகியது வெளியே வரும்போது இன்னும் கிழிக்கும். கால்களைப் பின்னிக்கொண்டு சுவரோரம் நிற்பாள். உள்ளாடையில் நீர்மலம் கசிந்ததைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று எண்ணி நான் மலம் இளக்கும் மருந்தை நிறுத்தியது பெரிய தப்பு. உள்ளே கெட்டிப்பட்டுக் கிடந்ததைச் சுற்றி வழிந்த கசிவு அது. வயிறும் அடைத்துப்போய்ப் பசியே இல்லாமல் ஆகிவிட்டது. ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மருந்தும் சிக்கலைக் கூட்டியது. பிறகு இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். நார்ச்சத்தை அள்ளிக் கொடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தண்ணீர் குறைவாகக் குடிக்கிற குழந்தைக்கு அதுவே அடைப்பாகிவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கிப் பொடி. தண்ணீரில் கரைத்துத் தினமும் கொடுக்கவேண்டும். நன்றாகப் போகிறது என்று இரண்டு முறை நானாகவே நிறுத்தி, இரண்டு முறையும் முதலிலிருந்து தொடங்கினோம். எனிமா வேண்டாம், உள்ளே உரசும் என்று மருத்துவர் முதலிலேயே தடுத்துவிட்டார். மலம் இளகிய பிறகும் அவளுடைய பயம் இளக மாதங்கள் ஆயின. கதவுக்கு வெளியே உட்கார்ந்து எத்தனை கதை சொல்லியிருப்பேன்!

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாப்பிட எத்தனை நிமிடம், மலம் போனதா, வலித்ததா, அவ்வளவே. தழும்பு மறுபடி சுருங்கும், பலூனும் மறுபடி தேவைப்படும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த சாப்பாடு இந்த மாதம் நான்கு நாள் ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருக்கிறது. “அம்மா, மேல ஒட்டுது” என்று இந்த முறை அவளே சொன்னாள். அடுத்த வாரம் மறுபடியும் பேரியம் படம்.