நாடாவைப் பார்க்காத நெசவு

நடிகரின் கண் எங்கே போகிறதோ அங்கேதான் பார்வையாளரின் கண்ணும் போகும். பேச்சில்லாமல் உடலால் மட்டும் நடிக்கும் மைம் பயிற்சியில் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் விதி இது. கையில் இல்லாத செம்பை இருப்பதாகக் காட்ட வேண்டுமென்றால், முதலில் நீ அதைப் பார்த்தாக வேண்டும். இந்த விதியில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. நெசவு ஊரான சென்னிமலையில், என்னிடம் மைம் பயில வந்த ஒரு பெண்ணிடம் அதைச் சொன்னதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் தினமும் பார்க்கும் ஒரு வேலையை உடலில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அவள் கைத்தறியைக் கொண்டுவந்தாள். குழித்தறியில் உட்காருவது போலத் திண்ணை ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தாள். வலது கை கயிற்றைச் சுண்டியது, இடது கை குறுக்கு இழையான ஊடையை அடித்துச் சேர்த்தது, பாதங்கள் மாறி மாறி அழுத்தின. முகம் சற்றே குனிந்திருந்தது. கண்கள் எதையும் பார்க்கவில்லை. கூடப் பயின்றவர்களில் ஒருவர் தொட்டில் ஆட்டுகிறாளா என்று கேட்டார். நெசவு ஊரிலேயே இப்படி ஒரு கேள்வி!

நான் திருத்தினேன். கயிற்றைப் பிடிக்கும் முன் உள்ளங்கை விரிய வேண்டும், பிடித்த கணத்தில் விரல்கள் சட்டென்று நிற்க வேண்டும், அப்போதுதான் கயிறு பிறக்கும். பிறகு, ஊடை இழையோடு இரு பக்கமும் ஓடும் நாடாவோடு தலையும் வலமும் இடமும் போய்வர வேண்டும் என்றேன்.

“அம்மா நாடாவைப் பார்ப்பதில்லைங்க சார். கவனத்தைக் காதில்தான் வைத்திருப்பார்கள். நாடா சரியாகப் போய்ச் சேராவிட்டால் சத்தம் மாறும், கை தானாக நின்றுவிடும்.”

“மேடையில் சத்தம் இல்லையே, அம்மணி” என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, நான் சொன்னபடி செய்தாள். தறி தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. என் பதிலில் பிழை இல்லை. பிழை இல்லாத பதிலுக்கு எதிரே ஒரு மாணவி வேறென்ன சொல்ல முடியும் என்பது பிறகுதான் தோன்றியது.

எனக்குப் பக்கபலம் இல்லாமல் இல்லை. உடல்மொழி மைமுக்கு இலக்கணம் வகுத்த எத்தியென் தெக்ரூவும் (1898–1991) தச்சரையும் துணி வெளுக்கும் பெண்ணையும் ஆக்கங்களாக்கியவர்தான். அவர் தலை, கழுத்து, மார்பு, இடை, இடுப்பு என்று உடலைத் தனித்தனியாக அசையப் பழக்கினார். வேலையை அப்படியே நகலெடுப்பது அவர் நோக்கமில்லை. வேலையில் உடல் கொடுக்கும் விசையைப் பிரித்தெடுத்துப் பெரிதாக்கினார். 1930களின் தொடக்கத்தில் அவரும் நடிகர் ழான்-லூயி பரோவும் சேர்ந்து நின்ற இடத்திலேயே நடக்கும் நடையை உருவாக்கினார்கள். தெருவில் எவரும் அப்படி நடப்பதில்லை. பார்ப்பவருக்கோ அதுதான் நடை. தெருவில் இல்லாத நடை நடையாகலாம் என்றால், தறியில் இல்லாத தலையசைவு ஏன் நெசவாகக் கூடாது? இந்த வாதத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை முறை சொல்ல வேண்டியிருப்பதே சரியில்லை.

ஏனென்றால் ழாக் லெகோக்கும் நினைவுக்கு வருகிறார். உடற்பயிற்சித் துறையிலிருந்து நாடகத்துக்கு வந்தவர், 1956இல் பாரிஸில் பள்ளி தொடங்கியவர். அங்கே பயிற்சியின் அடித்தளமே எந்த உணர்ச்சியும் எழுதப்படாத நடுநிலை முகமூடி. அதை அணிந்தால் கண்ணாலும் உதட்டாலும் சமாளிக்க முடியாது. கழுத்தும் மார்பும்தான் பேசியாக வேண்டும். காகிதக் கூழில் செய்த அப்படி ஒரு முகமூடி அன்று என் பையிலேயே இருந்தது. அதை அவளுக்குக் கொடுத்திருந்தால், கேட்பதையே அசைவாகக் கோத்திருக்கலாம்: ஒரே தாளத்தில் இழுப்பும் மிதிப்பும், திடீரென்று கை நிற்கிறது, மூச்சு நிற்கிறது, கழுத்து ஒரு விரற்கடை சாய்கிறது. அந்த நிறுத்தத்தில் கூட்டத்துக்கும் சத்தம் மாறியது கேட்டிருக்கலாம். கேட்காமலும் போயிருக்கலாம், இன்னொரு தொட்டிலாக முடிந்திருக்கலாம். நிகழ்ச்சி நெருங்கிவிட்டது, மற்றவர்களின் துண்டுகள் அரைகுறையாகக் கிடந்தன, நேரம் இல்லை. நேரம் இல்லை என்பது உண்மை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்பது வேறு.

பள்ளி மைதானத்தில் நிகழ்த்தினோம். அவள் தலை பந்தாட்டம் பார்ப்பவருடையதைப் போல இரு பக்கமும் போய்வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். முடிந்ததும் அவளுடைய அம்மா என்னிடம் வந்தார்.

“நன்றாக இருந்ததுங்க சார். அது யார் வீட்டுத் தறிங்க?”

பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் குறை சொல்வதும் மரியாதையோடுதான் வரும், பாராட்டும் அதே குரலில்தான் வரும். அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

என் விதி, அந்த வேலையை அறியாத பார்வையாளரை மனத்தில் வைத்தது என்று ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். கோயம்புத்தூர் அரங்கம் ஒன்றில் காட்டியிருந்தால் என் தறிதான் சரியான தறி. ஆனால் அப்படியானால் ஒரே அசைவு ஓர் ஊரில் சரி, பக்கத்து ஊரில் தவறா? யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கழுத்தைத் திருப்புவதற்கு நுட்பம் என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. தவிர, கைதட்டிய பிள்ளைகளில் பாதிப் பேராவது தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு என் தறி பிடித்திருந்தது. இங்கே வந்ததும் சமாதானம் உடைந்துவிடுகிறது.

அந்தப் பெண் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு மைம் சொல்லிக்கொடுக்கிறாள். தறிப் பயிற்சியும் உண்டாம். நாடாவைப் பார்க்கச் சொல்கிறாளா, கேட்கச் சொல்கிறாளா என்று விசாரித்தேன். பார்க்கச் சொல்கிறாளாம், பிள்ளைகளுக்கு அதுதான் சட்டென்று வருகிறதாம். நான் சொன்னதைத்தான் சொல்கிறாள், எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த குழுவுக்கு நானும் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன்.