கிரேடு 3ன்னா ஸ்டேஜ் 3 இல்ல: அம்மாவோட கேன்சர் ட்ரீட்மென்ட்ல நாங்க பட்டது

போன வருஷம் ஆவணில அம்மா குளிக்கும்போது இடது மார்ல கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டிருக்கு. வலி இல்லைன்னு பேசாம இருந்துட்டாங்க, பத்து நாள் கழிச்சு சித்திகிட்ட சொல்லி, சித்தி எனக்கு போன் பண்ணி, அப்புறம்தான் எனக்கே தெரியும். பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு போனோம். தொட்டுப் பாத்துட்டு "கொழுப்புக் கட்டிதான், நாளைக்கே எடுத்துடலாம்"னு தியேட்டர் டைம் வரைக்கும் சொல்லிட்டாங்க. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். நல்லவேளை அத்தை பொண்ணு நர்ஸ், "மாமோகிராம் எடுத்து, ஊசில சதை எடுத்து டெஸ்ட் பண்ணாம கத்தி வைக்க விடாதீங்க"ன்னு சத்தம் போட்டா. அவ மட்டும் இல்லைன்னா எடுத்தே இருப்போம்.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்தப்ப நான் பண்ணதுதான் பெரிய கூத்து. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட்ல நின்னுக்கிட்டே கவரைப் பிரிச்சேன், 'கிரேடு 3'ன்னு இருந்துச்சு. ஸ்டேஜ் 3ன்னே முடிவு பண்ணிட்டேன், அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு அங்கேயே உக்காந்திருந்தேன். அப்புறம் ட்ரீட்மென்ட்டுக்குப் போன சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் விளக்கினாங்க, ஸ்டேஜ்ங்கறது நோய் எவ்ளோ தூரம் பரவிருக்குன்னு சொல்றது, கிரேடுங்கறது அந்த செல் மைக்ரோஸ்கோப்ல பாக்கறப்ப எவ்ளோ மாறிப்போயிருக்கு, எவ்ளோ வேகமா வளரும்னு சொல்றது, ரெண்டும் வேற வேற. ஸ்கேன் எல்லாம் முடிஞ்சு பாத்தா அம்மாவுக்கு ஸ்டேஜ் 2தான், கட்டி மூணரை சென்டிமீட்டர், அக்குள்ல ஒரு நெறி.

அதுக்கப்புறமும் உடனே ஆரம்பிக்கல. ஐஹெச்சின்னு, கேன்சர் செல் எந்த வகைன்னு பாக்கற ஒரு டெஸ்ட் ரிசல்ட் வரணும்னாங்க. மார்பகப் புற்றுநோய்னு நாம ஒரே பேர்ல சொல்றோம், ஆனா அந்த செல்லுக்கு எது தீனி போடுதுங்கறத வச்சு அது பல வகையாம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்ல வளர்ற வகை, ஹெர்2ங்கற புரோட்டீன் அதிகமா இருக்கற வகை (நூறு பேருக்கு 15ல இருந்து 20 பேருக்கு இருக்குமாம்), மூணுமே இல்லாத ட்ரிப்பிள் நெகட்டிவ்வும் இருக்கு. அம்மாவுக்கு ஹார்மோன் ரெண்டும் நெகட்டிவ், ஹெர்2 மட்டும் 2+னு வந்துச்சு. 3+னா பாசிட்டிவ், 0, 1+னா நெகட்டிவ், 2+னா ரெண்டுங்கெட்டான், அதுக்கு ஃபிஷ்ங்கற (FISH, ஹெர்2 ஜீன் அதிகமா இருக்கான்னு பாக்கற) டெஸ்ட் பண்ணணும். "மீனுக்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம்"னு அம்மா கேட்டப்ப, அத்தனை நாள்ல மொத தடவையா எல்லாரும் சிரிச்சோம். அந்த டெஸ்டுக்கு முதல் லேப்ல இருந்து மெழுகு பிளாக்கை (எடுத்த சதைய மெழுகுல பதிச்சு வச்சிருக்கறது) வாங்கிட்டு வரச் சொன்னாங்க, நான் ரிப்போர்ட் பேப்பரை மட்டும் கொண்டு போயிருந்தேன், அதுக்குன்னு தனியா ஒரு தடவை ஊருக்கு வந்து போனேன். பிளாக், ஸ்லைடு ரெண்டையும் மறக்காம கேட்டு வாங்கிக்கோங்க.

ஃபிஷ் பாசிட்டிவ், அதாவது ஹெர்2 வகைதான். முதல்ல கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன்னாங்க. வீட்ல பெரிய சண்டை. "கட்டிய உள்ள வச்சுக்கிட்டு ஊசி போட்டுட்டு இருக்காங்களே"ன்னு பெரியம்மா அழுகை. மருந்துக்கு கட்டி கரையுதான்னு கண் முன்னாடியே தெரியும், மார்பை முழுசா எடுக்காம விடவும் வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. கட்டி சுத்தமா கரைஞ்சுட்டா சர்ஜனுக்கு இடம் தெரியணும்ல, அதுக்காக முன்கூட்டியே உள்ள குட்டியா ஒரு கிளிப் வச்சாங்க.

கீமோல மூணு வாரத்துக்கு ஒண்ணா நாலு சிவப்பு மருந்து (நிறத்த வச்சு சொல்ற பேரு), அப்புறம் பாக்லிடாக்செல்ங்கற இன்னொரு கீமோ மருந்து வாராவாரம் 12. சிவப்பு மருந்து ஏத்துன அன்னைக்கு சிறுநீரும் சிவப்பா போகும், யாரும் முன்னாடியே சொல்லாததால அம்மா ரத்தம்னு நினைச்சு பயந்துட்டாங்க. மூணாவது வாரத்துல தலையணை பூரா முடி. ரெண்டாவது கீமோ முடிஞ்சு பத்தாம் நாள் ராத்திரி ஜுரம் 101, காலைல பாத்துக்கலாம்னு அம்மா சொன்னதக் கேக்காம உடனே கூட்டிட்டுப் போனோம். வெள்ளையணு அடியோட இறங்கியிருந்துச்சு. 100.4 தாண்டினா விடியட்டும்னு காத்திருக்கவே கூடாதுங்க, பாரசிட்டமால் போட்டு படுக்கவும் கூடாது. பாக்லிடாக்செல்ல வேற மாதிரி கஷ்டம், விரல் நுனி மரத்துப்போச்சு. பூ கட்டறப்ப நூலு விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியலன்னு அம்மா பாதிலயே வச்சுட்டாங்க.

வெயிட்டிங் ஹால்ல உக்காந்து உக்காந்து நான் கத்துக்கிட்டதுதான் ஜாஸ்தி. தொண்டைல வந்த அண்ணாச்சி ஒருத்தர், முகத்துல வலை மாதிரி மாஸ்க் போட்டு டேபிளோட பூட்டி கரன்ட் வைப்பாங்கன்னு சொன்னாரு (ரேடியேஷனை அங்க எல்லாரும் கரன்ட்னுதான் சொல்றாங்க), கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ, கத்தியே வைக்கல. கர்ப்பப்பை வாய்ல வந்த அக்காவுக்கு வெளிய இருந்து வைக்கற கரன்ட்டோட, உள்ள வைக்கற கரன்ட்டும் உண்டு. ரத்தப் புற்றுநோய் வந்த சின்னப் பையனுக்கு வெட்டி எடுக்க கட்டின்னு ஒண்ணே கிடையாது, ரெண்டு வருஷத்துக்கு மேல மருந்துதான். கேன்சருக்கு கேன்சர் ட்ரீட்மென்ட் வேறன்னு தெரியாம "அவங்களுக்கு மாத்திரை மட்டும்தானாம், நமக்கு மட்டும் ஏன் இத்தனை"ன்னு ஆரம்பத்துல நாங்க டாக்டரைப் படுத்துன பாடு இருக்கே.

ஆபரேஷன்ல எடுத்த சதைல கேன்சர் செல் ஒண்ணுகூட இல்லைன்னு வந்துச்சு. மார்பை எடுக்கல. அப்புறம் 15 நாள் கரன்ட், சனி ஞாயிறு லீவு. ஹெர்2க்கான ட்ராஸ்டுசுமாப் ஊசி பாக்லிடாக்செல்லோடவே ஆரம்பிச்சது, மூணு வாரத்துக்கு ஒண்ணா மொத்தம் ஒரு வருஷம். இது இதயத்த பலவீனமாக்கலாம்ங்கறதால மூணு மாசத்துக்கு ஒரு தடவை எக்கோ, அதாவது இதய ஸ்கேன். 2014லயே இந்தியாவுல இதோட பயோசிமிலர் (வேற கம்பெனி தயாரிக்கற, அதே மாதிரி வேலை செய்யற மருந்து) வந்துடுச்சு, அம்மாவுக்கும் பயோசிமிலர்தான்.

ட்ரெய்ன் விஷயம் எங்களுக்கு லேட்டாதான் தெரிஞ்சுது. ஆஸ்பத்திரில ஃபார்ம் வாங்கி டாக்டர் கையெழுத்தோட குடுத்தா ஸ்லீப்பர், தேர்ட் ஏசில பேஷன்ட்டுக்கு டிக்கெட் ஃப்ரீ, கூடப் போறவருக்கு 75 சதவீதம் சலுகை. நாலு மாசம் முழு காசு குடுத்துட்டு நெல்லை எக்ஸ்பிரஸ்ல போயிட்டு வந்தோம்.

இப்ப 11 ஊசி முடிஞ்சிருக்கு. முடி சுருட்டை சுருட்டையா முளைச்சிருக்கு. போன தடவை ஹால்ல புதுசா வந்த ஒரு அம்மா, "உங்களுக்கு இன்னும் ஊசி போடறாங்க, எனக்கு ஏன் மாத்திரை மட்டும் எழுதிருக்காங்க"ன்னு அழுதாங்க. அம்மா அவங்க ஃபைலை வாங்கி மடில வச்சுக்கிட்டு, "மொதல்ல ஹெர்2 என்னன்னு பாப்போம், இரு தாயி"ன்னு என்கிட்ட நீட்டுனாங்க. பாத்தேன், ஹார்மோன் ரெண்டும் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். ஹார்மோன்ல வளர்ற வகை, ஹெர்2 ஊசி தேவைப்படாதுன்னு எனக்குத் தெரிஞ்சத சொல்லிட்டு, டாக்டரம்மாகிட்டயும் கேட்டுக்கோங்கன்னேன். அடுத்த ஊசி வர்ற புதன்கிழமை, எக்கோவும் அன்னைக்கேதான், டிக்கெட் இன்னும் எடுக்கல.