சொடக்குத் தக்காளி சல்சா

ஜூன் 15, சனி

மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு வந்து நாலு மாதம் ஆகியும் இன்றைக்குத்தான் தெரிந்தது, இந்த ஊரில் வெறுமனே 'தோமாத்தே' என்றால் பச்சைக் காயாம். நம்ம சிவப்புத் தக்காளி வேண்டுமென்றால் 'ஹித்தோமாத்தே' என்று கேட்க வேண்டும். ரசத்துக்கு அரைக் கிலோ கேட்டு, போனைப் பார்த்துக்கொண்டே பையை வாங்கி வந்துவிட்டேன். பிரித்தால் காய்ந்த தாள் மாதிரி உறைக்குள் எலுமிச்சை அளவில் பச்சை உருண்டைகள். சின்ன வயதில் வேலியோரம் பறித்து நெற்றியில் டப்பென்று உடைப்போமே, அந்தச் சொடக்குத் தக்காளிக்கு உறவுதான் இது.

ஜூன் 16, ஞாயிறு

கீழ்வீட்டு செனோராவிடம் (இங்கே அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) காட்டினேன். சல்சாவுக்கு (இந்த ஊர்ச் சட்னி) வேகவைத்து அரைக்கலாம், கொமாலில் (தோசைக்கல்லேதான்) சுட்டு அரைக்கலாம், ஒன்றும் செய்யாமல் பச்சையாகவும் அரைக்கலாம் என்றார். சோம்பேறிக்கு மூன்றாவதுதான் சரி. ஆனால் மிக்சியில் போட்டு பழக்கதோஷத்தில் அரை டம்ளர் தண்ணீரும் விட்டேன், காயிலேயே அவ்வளவு நீர் இருக்கிறது, நுரைத்துக்கொண்டு மோர் மாதிரி ஆகிவிட்டது. உறைக்கு அடியில் இருந்த பிசுக்கையும் சரியாகக் கழுவவில்லை, அதனால் லேசாகக் கசப்பு வேறு.

ஜூன் 18, செவ்வாய்

மிச்சம் ஃபிரிட்ஜில் ஜெல்லியாக உறைந்து கிடக்கிறது. இந்தக் காயில் பெக்டின் அதிகம். பச்சை மங்கி, பச்சை வெங்காய வாடை தூக்குகிறது. கொட்டிவிட்டேன்.

ஜூன் 22, சனி

செனோரா தன் மொல்காஹேத்தேயைக் கொடுத்தார். மூன்று கால் வைத்த கருங்கல் உரல், சொரசொரவென்று, புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி. முதலில் கல்லுப்பும் ஒரு பல் பூண்டும், அப்புறம் இரண்டு செர்ரானோ மிளகாய், விழுதான பிறகு கால் வெங்காயம், ஒரு பிடி கொத்தமல்லி. காய்களை நாலாக வெட்டிக் கடைசியில்தான் போட வேண்டும், அதுவும் இரண்டிரண்டாக, இல்லாவிட்டால் சாறு முகத்தில்தான் அடிக்கும் (அடித்தது). ஆறேழு காய் நசுங்கும்போதே நல்ல புளிப்பு வாசனை. தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை. விதையும் தோலும் அங்கங்கே தட்டுப்படுகிற பதத்தில் நிறுத்திவிட்டேன், மிக்சிக்கு இந்தப் பதம் வரவே வராது. சூடான சோளத் தோர்த்தியாவில் (மக்காச்சோள ரொட்டி) வைத்து நின்றபடியே நாலு தின்றேன். இனி அன்றன்றைக்குத்தான், அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். செனோரா சல்சாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கல்லை மோந்து பார்த்தார். "சோப்பு போட்டுக் கழுவலையே, மிஹா (மகளே)?"