மறுப்பைச் சொல்லும் வேலை

கைபேசி இணைப்பும் வீட்டு இணையமும் மாதச் சந்தாவுக்குத் தரும் ஒரு நிறுவனத்தில், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லும் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். விற்பனைப் பிரிவுக்காரர்களுக்கு நன்றி கிடைக்கும். பழுது நீக்கும் பிரிவுக்காரர்களுக்குத் திட்டு கிடைக்கும். ஆனால் இணைப்பு வந்ததும் திட்டியவரே சமாதானமாகிவிடுவார். எங்கள் பிரிவை அழைப்பவருக்குக் கொடுக்க எங்கள் கையில் ஒன்றும் இருக்காது. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். எடுத்தவர் யார் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு மனிதரின் பெயர்கூட இருக்காது.

விண்ணப்பம் வந்து சேர்ந்தவுடன் பெயர், பிறந்த தேதி, முகவரி, அடையாள எண் எல்லாம், யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்குப் போகும். சில விநாடிகளில் அங்கிருந்து ஒரு மதிப்பெண் வரும். எங்கள் கணினி அதோடு தன்னிடம் உள்ள பழைய பாக்கி விவரங்களையும் சேர்த்துப் பார்த்து ஒரு நிறத்தைக் காட்டும். பச்சை என்றால் எந்தத் திட்டமும் எடுக்கலாம். மஞ்சள் என்றால் டெபாசிட் கட்ட வேண்டும், தவணையில் கைபேசி கிடையாது. சிவப்பு என்றால் அத்தோடு சரி. என் திரையில் தெரிவது அந்த நிறமும் பக்கத்தில் இரண்டு இலக்கக் குறியீடும் மட்டும்தான். மதிப்பெண் எவ்வளவு என்பது எனக்கே தெரியாது. இதை அழைப்பவர்கள் நம்ப மாட்டார்கள். "உங்கள் முன்னால்தானே கணினி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் சார்" என்பார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

நாங்கள் வாசிக்க வேண்டிய வாக்கியத்தை அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருந்தார்கள்: "எங்கள் உள் நெறிமுறைகளின்படி தங்கள் விண்ணப்பத்தைத் தற்போது ஏற்க இயலவில்லை." இதை எழுதியவர் கெட்டிக்காரர். மறுகேள்வி கேட்க இடமே வைக்கவில்லை. என்ன நெறிமுறை, ஏன் இயலவில்லை, தற்போது என்றால் எப்போது வரை என்று எதைக் கேட்டாலும் அதே வாக்கியத்தை மறுபடி வாசிக்கலாம். சிலர் அப்படியே வாசித்தார்கள். கோபத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர் எங்கள் கணக்கில் 'முடிந்த அழைப்பு'.

அதிகம் கேட்ட கேள்வி, "நான் உங்களிடம் கடனா கேட்டேன்?" என்பது. நியாயமான கேள்வி. நிறுவனத்தின் பதில், ஆம், கடன்தான் கேட்டீர்கள் என்பது. மாதம் முழுக்கப் பேசிவிட்டு, முடிவில் பில் வந்த பிறகு பணம் கட்டும் போஸ்ட்பெய்டு முறையில் அந்த ஒரு மாதம் கடன். கைபேசியையும் சேர்த்துத் தவணையில் கொடுத்தால் அது வெளிப்படையாகவே கடன். கைபேசி விஷயத்தில் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. விலை உயர்ந்த பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு முதல் தவணைக்கே ஆள் காணாமல் போன கதைகள் எங்களிடம் நிறைய உண்டு. பிறருடைய அடையாளத்தைக் காட்டி வாங்கிப் போனவர்களும் உண்டு. ஆனால் வெறும் இணைப்புக்கு இவ்வளவு சோதனை எதற்கு என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பணம் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். ஒரு பொத்தான் வேலை. போவது ஒரு மாத பில், மிஞ்சினால் இரண்டு மாத பில். அதைத் தவிர்க்க ஒருவருடைய மொத்தப் பண வாழ்க்கையையும் எட்டிப் பார்ப்பது சோம்பேறித்தனம் என்றே சொல்வேன். கைபேசிக்கும் இணைப்புக்கும் ஒரே சோதனையை வைத்துவிட்டால் கணினியில் ஒரு விதி போதும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனை வங்கிகளில் பிறந்தது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஜெர்மனியின் பெரிய கடன் தகவல் நிறுவனமான ஷூஃபாவின் தொடக்கம் வேறு மாதிரி. 1927இல் பெர்லினில் அது உருவானபோது அதன் அடிப்படை மின்கட்டணம். அந்த ஊர் மின்சார நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு மின்சாதனங்களைத் தவணையில் விற்றது. தவணையை மின்கட்டணத்தோடு சேர்த்து வசூலித்தது. மாதா மாதம் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுபவரை நம்பி அடுப்பையும் பிற சாதனங்களையும் கொடுக்கலாம் என்பது கணக்கு. அதாவது மாத பில் ஒழுங்காகக் கட்டினால் கடன் கிடைத்தது. நான் வேலை பார்த்த காலத்தில் இது தலைகீழாகியிருந்தது. கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவருக்குத்தான் மாத பில்லே கிடைத்தது.

இந்தத் தலைகீழ்க் கணக்கில் அதிகம் அடிபட்டவர்கள் கடன் வாங்கித் திருப்பித் தராதவர்கள் அல்லர், கடனே வாங்காதவர்கள். இந்தியாவில் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் தரும் மதிப்பெண் 300 முதல் 900 வரை. கடன் வரலாறே இல்லாதவருக்கு மைனஸ் 1 என்று வரும். அது குறைந்த மதிப்பெண் அல்ல, மதிப்பிட ஒன்றுமில்லை என்பதற்கான அடையாளம். எங்கள் கணினியிலும் 'போதிய வரலாறு இல்லை' என்பதற்குத் தனிக் குறியீடு இருந்தது. ஆனால் நிறம் என்னவோ அதே சிவப்பு. பணம் கட்டாமல் ஓடியவருக்கும், கடன் பக்கமே போகாதவருக்கும் ஒரே நிறம்.

ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் அழைத்தார். குரலில் கோபமே இல்லை, குழப்பம்தான். "தம்பி, நான் வாழ்நாளில் யாரிடமும் கை நீட்டியது கிடையாது. வீடுகூடச் சேமித்த பணத்தில் கட்டியது. கிரெடிட் கார்டு வேண்டாம் என்று வங்கிக்காரர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னையா நம்ப முடியாது என்கிறீர்கள்?"

"நம்ப முடியாது என்று இல்லை ஐயா. உங்களைப் பற்றி அங்கே பதிவு எதுவும் இல்லை."

"அப்படியென்றால் ஒரு கடன் வாங்கிவிட்டு வரட்டுமா?"

கேலியாகக் கேட்டாரா உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. எப்படிக் கேட்டிருந்தாலும் சரியான பதில் 'ஆமாம் ஐயா' என்பதுதான். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டெபாசிட் கட்ட முன்வருகிறேன் என்றார். மஞ்சள் நிறத்துக்குத்தான் டெபாசிட், சிவப்புக்குக் கிடையாது என்பது விதி. பணத்தோடு வருபவரைப் பணம் கட்ட மாட்டார் என்ற ஐயத்தில் திருப்பி அனுப்பும் விதி. கடைசியில் பிரீபெய்டு இணைப்பு எடுத்துக்கொண்டார். முன்கூட்டியே பணம் கட்டுவதால் அதற்குச் சோதனை இல்லை. அதே காரணத்தால், எத்தனை ஆண்டு ஒழுங்காகக் கட்டினாலும் அது கடன் கோப்பில் ஏறுவதும் இல்லை.

வேறொரு பெண்மணியின் கதை நேர் எதிர். வீட்டுக் கடன், கார் கடன் என்று எல்லாவற்றையும் நாள் தவறாமல் கட்டியவர். தன் கிரெடிட் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அழைத்தார். மதிப்பெண் அருமையாக இருந்தது. ஆனாலும் சிவப்பு. சந்தா நிறுவனங்களின் பாக்கிக் கணக்கு வழக்கமான கடன் அறிக்கையில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் தொலைபேசி, கட்டணத் தொலைக்காட்சி, மின்சாரம், எரிவாயு நிறுவனங்களின் கட்டண விவரங்களுக்கென்றே என்சிடியூஇ என்ற தனி அமைப்பு இருக்கிறது. கடன் அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருப்பவர் அங்கே ஒரு பாக்கி இருப்பதை அறியவே மாட்டார். இவருடைய பாக்கி எங்கள் நிறுவனத்தின் சொந்தப் பட்டியலிலேயே இருந்தது. முன்பு குடியிருந்த வீட்டில் எங்கள் இணையம்தான். காலி செய்தபோது இணைப்பை நிறுத்தினார். ரவுட்டர் திரும்பி வரவில்லை என்று அதன் விலைக்கு பில் போட்டு, பழைய முகவரிக்கே கடிதங்கள் அனுப்பி, பதில் வராததால் கணக்கை வசூல் நிறுவனத்துக்குத் தள்ளியிருந்தார்கள்.

"நான் கூரியரில் திருப்பி அனுப்பினேனே!" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இவர் ரசீதை வைத்திருந்தார். அதில் இருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். நான் கிடங்குப் பதிவேட்டில் தட்டினேன். ரவுட்டர் வந்திருந்தது. பெட்டியைப் பிரித்த ஊழியர் அதன் வரிசை எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் பதிந்ததால் அது வேறு யாருடைய கணக்கிலோ வரவு வைக்கப்பட்டிருந்தது. அந்த வேறு யாரோ தன் ரவுட்டரைத் திருப்பித் தராமலேயே நல்லவராகிவிட்டார் என்பது உபகதை. பாக்கியை நீக்கினோம். ஆனால் நிறம் உடனே மாறவில்லை. திருத்தத்தை வசூல் நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் அனுப்பி, அங்கே அது ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இந்தியாவில் இதற்கு 30 நாள் கெடு உண்டு. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. எழுத்துப் பிழையை வைத்த அன்றே கோப்பு கெட்டுவிடுகிறது; திருத்தத்துக்குத்தான் இத்தனை நாள்.

பெயர்க் குழப்பமும் இதே ரகம். ஓர் ஆவணத்தில் முதலெழுத்து மட்டும், இன்னொன்றில் தந்தை பெயர் முழுதாக, மூன்றாவதில் அதுவே குடும்பப் பெயராக. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். மூவரில் ஒருவருக்கும் போதிய வரலாறு இல்லை.

காரணத்தை ஏன் சொல்லக்கூடாது என்று என் மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறேன். "சொன்னால் ஏமாற்றுபவனுக்கு வழி காட்டியதாகிவிடும்" என்றார். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நான் பார்த்தவரையில் ஏமாற்ற வந்தவர் காரணம் கேட்டு வாதாடுவதில்லை. அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார். மணிக்கணக்கில் காத்திருந்து ஏன் என்று கேட்பவர் பெரும்பாலும் மடியில் கனமில்லாதவர்.

அப்படி விடாமல் கேட்ட ஒருவர் ஆஸ்திரியாவில் இருக்கிறார். அங்கே ஒரு கைபேசி நிறுவனம், பணம் கட்டும் வசதி போதாது என்று ஒரு பெண்ணுக்கு இணைப்பை மறுத்தது. மாதம் 10 யூரோ கட்டணம், அவ்வளவுதான் விஷயம். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் ஆஸ்திரியா என்ற நிறுவனம் தானியங்கி முறையில் தந்த மதிப்பீடே மறுப்புக்கு அடிப்படை. என்னை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று அவர் கேட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. அவருடைய எந்தத் தகவல் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதை அவருக்குப் புரியும்படி விளக்க வேண்டும். சிக்கலான கணிதச் சூத்திரத்தை நீட்டுவது விளக்கம் ஆகாது. தொழில் ரகசியம் என்று சொன்னால் அதை நீதிமன்றத்திடமோ உரிய அதிகாரியிடமோ காட்டட்டும், எவ்வளவு வெளியிடலாம் என்று அவர்கள் தீர்மானிப்பார்கள் என்றது நீதிமன்றம். பத்து யூரோவுக்கா இத்தனை தூரம் என்று கேட்பவர்கள் எங்கள் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இணைப்பு வேறு எங்காவது கிடைத்துவிடும் என்பது அழைப்பவர்களுக்கும் தெரியும். எங்கோ ஒரு கோப்பில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் அவர்களைத் தூங்கவிடாத கேள்வி.

பந்தை மாற்றி மாற்றி உதைக்கும் வழக்கம் வேறு. எங்களைக் கேட்டால் கடன் தகவல் நிறுவனத்தைக் கேளுங்கள் என்போம். அவர்கள் 'நாங்கள் தகவல் மட்டுமே தருகிறோம், முடிவு அவர்களுடையது' என்பார்கள். 2023 டிசம்பர் 7 அன்று அதே நீதிமன்றம் ஷூஃபா வழக்கில் இந்தச் சாக்கின் மீது கைவைத்தது. ஒப்பந்தம் செய்யும் நிறுவனம் மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து நடந்தால், மதிப்பெண் போடுவதே ஒரு தானியங்கி முடிவு என்றது. அமெரிக்கச் சட்டம் 1970இலிருந்து வேறு வழியில் போகிறது. கடன் அறிக்கையைப் பார்த்து மறுத்தால், யாருடைய அறிக்கை என்று மறுத்தவர் தெரிவிக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் 60 நாளுக்குள் கேட்டால் அதன் நகல் இலவசம்.

எங்கள் மறுப்புக் கடிதத்திலும் மதிப்பெண் தந்த கடன் தகவல் நிறுவனத்தின் பெயர் கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் இருந்தது. மேசையில் ஒட்டியிருந்த வாக்கியத்தில் இல்லை. கடிதத்தில் இருப்பதை வாசிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லாததால், அழைப்பவரிடம் கடிதத்தை எடுத்து வரச் சொல்லி அந்தப் பத்தியைச் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினேன். அடுத்தடுத்து வேறு நிறுவனங்களில் விண்ணப்பிக்காதீர்கள், முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே வாங்கிப் பாருங்கள் என்பேன். நிறுவனம் கடனுக்காக விசாரிப்பது கோப்பில் பதிவாகி மதிப்பெண்ணைக் கொஞ்சம் இறக்கக்கூடும். தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் எதுவும் இறங்காது. இந்தியாவில் இருக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இதையெல்லாம் சொன்னால் அழைப்பு நீளும். நேரம் அதிகமாகிறது என்று என் மாத மதிப்பீட்டில் குறித்தார்கள். ஆக, எனக்கும் ஒரு மதிப்பெண் இருந்தது. நல்லவேளையாக அதற்குக் காரணம் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பெரியவர் பின்னர் மறுபடி அழைத்தார். 'நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட வாடிக்கையாளர். சிறப்புச் சலுகையில் போஸ்ட்பெய்டுக்கு மாறலாம்' என்று எங்கள் நிறுவனமே அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. நம்பி விண்ணப்பித்திருக்கிறார். சோதனை ஓடியிருக்கிறது. அதே குறியீடு, அதே நிறம். "வாசலில் நின்று வா என்று கூப்பிட்டதும் நீங்கள், கதவைச் சாத்தியதும் நீங்களா தம்பி?" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நிராகரிக்கப்பட்டவர்களுக்கு இப்படிச் செய்தி அனுப்ப வேண்டாம் என்று விற்பனைப் பிரிவுக்கு எழுதினேன். மறுநாள் ஒரு வரியில் பதில் வந்தது: பெயர்ப் பட்டியல் தானாகவே உருவாகிறது, அதில் தங்கள் பிரிவு தலையிட இயலாது.