கல்லைப் படித்து என்ன வேலை?

அக்காவின் மகன் பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் வந்த முதல் கேள்வி: "கல்லைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய் தம்பி?"

வவுனியாவில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? எங்கள் காலுக்குக் கீழே இருப்பது புவிச்சரிதவியலார் வன்னித் தொகுதி என்று சொல்லும் பழைய பாறை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில் ஆழத்தில் வெந்து உருமாறியது. கிணறு வெட்டும்போது அலவாங்கை மடக்குவதும் அதுதான்.

கொக்கிளாயைத் தாண்டினால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணலே இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் என்ற கனியங்கள்தான். பெயின்ருக்கு வெள்ளை நிறம் தரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு இல்மனைட்டில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. நாங்களோ மணலாகவே கப்பலேற்றிவிட்டு, பெயின்ரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இது எனக்கு எப்போதும் எரிச்சல். மன்னார்க் கடலில் 2011 இல் துளையிட்டு இயற்கை வாயுவைக் கண்டார்கள். அடுப்புக்கு இன்னும் வரவில்லை.

ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகத்தான் நமக்குத் தெரியும். ஆனால் மனுசன் லண்டனில் புவிச்சரிதவியல் படித்தவர், இலங்கைக் கனிய அளவையின் முதல் பணிப்பாளர். 1904 இல் தோரியம் என்ற உலோகம் அடங்கிய தோரியனைட் கனியம் வெளிச்சத்துக்கு வந்ததில் அவர் பங்கு பெரியது. அப்போது தோரியம் தேவைப்பட்டது காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மென்டிலுக்கு. அணுசக்திப் பேச்சு எல்லாம் பிறகுதான்.

பெடியனிடம் சொன்னேன், இரசாயனத்தை விட்டுவிடாதே, மணலில் இருந்து தைத்தேனியத்தைப் பிரிக்க அது வேணும் என்று. அக்காவுக்கோ பொறியியல் பீட ஆசை இன்னும் போகவில்லை. அந்தப் பக்கம் நான் தலைகொடுக்கப் போவதில்லை.