பப்பியா, அன்ரியா?

நேற்று இரவு 12 மணி 20க்கு நான் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்தேன். மடியில் அப்பாவின் குட்டி லப்டொப். விறாந்தையில் இருந்து மூன்று வயர் பொருத்தி இழுத்து வந்த கரண்ட். தலைக்கு மேலே நுளம்புகளின் பொங்கல் விழா. எங்கள் வளவில் சிக்னல் இரண்டு கோடு காட்டுவது அந்தக் கட்டில் மட்டும்தான், இரவு டேட்டா தொடங்குவதும் நள்ளிரவுக்குப் பிறகுதான். முத்துஐயன்கட்டில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போடுகிறவன் ஆந்தையாகப் பிறந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவின் லாண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மிசின்.

அந்த லப்டொப்பைத் தெரியும்தானே. கனடாச் சித்தப்பா 2011இல் வந்தபோது தந்துவிட்டுப் போனது. பத்து இஞ்சித் திரை, அட்டம் என்270 சிப், ஒரு ஜிபி ராம். பற்றரி செத்து எட்டுத் திவசம் முடிந்துவிட்டது. உள்ளே இருந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். அந்தப் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தை மாற்ற வழி கிடையாது, அப்படித்தான் செய்து விட்டிருந்தார்கள். அப்பாவோ தன் லாண்ட்மாஸ்டரின் படத்தை அதில் போட்டுத் தரச் சொல்லி ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கேட்பார். அம்மா குசினிக்குள் இருந்தே, "கலியாணம் கட்டி முப்பத்தாறு வருசம், என்ர படம் ஒண்டு இந்த வீட்டுச் சுவரில இல்லை, மிசினுக்குப் படம் கேக்குது" என்பா. இதுவும் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும்தான்.

லினக்ஸ் போட்டால் படம் மாற்றலாம் என்று நான் வாய் விட்டதுதான் பிழை.

புதுக்குடியிருப்பில் கடைத் தம்பி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். "அண்ணை, இதைப் பழைய இரும்புக்காரனிட்டக் குடுங்கோ. நிறுத்து எடுப்பான்." இதை வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது. அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். "இந்த ஊரில பழைய இரும்புக்குப் போகாமல் தப்பின சாமான் எத்தினை கிடக்கு? உது இருக்கட்டும்." அதற்கு மேல் யார் என்ன கதைக்க?

முதல் இரவு இறக்கியது புதுச் சிப்புகளுக்கான 64 பிட் லினக்ஸ். என்270க்குப் பழைய 32 பிட் மட்டும்தான் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. பென்ட்ரைவைச் செருகியதும், இந்தக் கேர்னலுக்கு, அதாவது லினக்ஸின் கருவுக்கு, எக்ஸ்86-64 என்கிற 64 பிட் சிபியு வேண்டும், இங்கே இருப்பது 32 பிட் ஐ686 என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அசையாமல் நின்றது. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிற ஒபிஸ் கிளார்க் மாதிரி. பிறகுதான் தேடிப் பார்த்தேன். லினக்ஸ் வகைகளில் பெயர்போன உபுண்டு 17.10ஆம் பதிப்பிலேயே 32 பிட் டெஸ்க்டொப்பைக் கைவிட்டுவிட்டது. இன்னொரு வகையான டெபியன்கூட 2025 ஓகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் 32 பிட்டுக்கு இன்ஸ்டோலர் வைக்கவில்லை. உலகம் முழுக்க அகதியாகிவிட்ட இந்தச் சிப்புக்கு இன்னும் திண்ணையில் இடம் கொடுக்கிறவர்கள் சிலர்தான். அதில் இரண்டு பேரை எடுத்தேன்: பப்பி லினக்ஸ், அன்ரிஎக்ஸ்.

பெயர்களை வீட்டில் சத்தமாகச் சொன்னது அடுத்த பிழை.

"நாய்க்குட்டி சரி, ஆர் அந்த அன்ரி?" என்று அம்மா. கனடாவில் இருக்கிற எந்த அன்ரி என்று தங்கச்சி. மத்தியானம் தேங்காய்க்கு வந்த பக்கத்து வளவு மாமி, தன்னைப் பற்றித்தான் ஏதோ கதைக்கிறோம் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவ, இன்னும் வரவில்லை. தேங்காயும் இங்கேயே கிடக்கிறது.

பப்பிதான் எனக்குப் பிடித்தது. முழுவதையும் ராமில் ஏற்றிக்கொண்டு பறக்கும். ஆனால் நான் போட்ட முறையில், ஒழுங்காக மூடினால்தான் செய்ததைச் சேமித்து வைக்கும். அப்பாவுக்கு மூடுவது என்றால் சுவரில் சுவிட்சை நிப்பாட்டுவது. பற்றரியும் இல்லை, கரண்டும் மயில் கம்பியில் இருந்தால் போகும் கரண்ட். கமக்காரர் அமைப்பின் சிறுபோகக் கூட்டத்து அறிக்கையை அப்பா ஒரு பின்னேரம் முழுக்க ஒற்றை விரலால் அடித்தார். கரண்ட் போய் வந்தபோது நாய்க்குட்டிக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆக, அன்ரி.

அன்ரி பதியும்போது ஒரு ஜன்னலில் அடுத்ததுக்குப் போகும் பொத்தானையே காணவில்லை. அரை மணித்தியாலம் தேடினேன். திரையின் உயரம் 600 பிக்சல், பொத்தான் அதற்குக் கீழே எங்கேயோ பாதாளத்தில். வவுனியாவில் இருக்கிற மச்சானுக்கு போன் எடுத்தால், "ஆல்ட் விசையை அமத்திக்கொண்டு ஜன்னலைப் பிடிச்சு மேல தள்ளடா" என்று கொட்டாவியோடு சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தள்ளினேன். பாயைத் தூக்கினால் கீழே சாவி கிடக்கிற மாதிரி, பொத்தான் அங்கே இருந்தது.

அடுத்தது வைஃபை. வைஃபை சிப்புக்கு ஒரு சின்னக் கோப்பு வேண்டும். அந்தக் கோப்பு இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும். போனைக் கேபிளால் கொழுவி டேட்டாவைக் கடன் கொடுக்கலாம் என்று விளங்கியதால்தான் நேற்று இரவு கிணற்றுக்கட்டு. எண்பது வீதம் வந்திருக்கும், வயல் பக்கம் காவல் கொட்டிலில் யானைவெடி போட்டார்களே பார்க்கலாம்! லப்டொப் கிணற்றுப் பக்கம், போன் துணி துவைக்கிற கல்லுப் பக்கம், நான் இரண்டுக்கும் நடுவே ஒற்றைக் காலில். அப்பா டோர்ச்சோடு ஓடி வந்தார். "யானையோ?" என்றார். யானையைக் கேட்டுவிட்டு, வெளிச்சத்தை லப்டொப்புக்குத்தான் அடித்தார்.

காலையில் பாமினி பிரச்சினை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த அறிக்கை எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுந்து கிடந்தது. அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து உரிய இடத்தில் போட்டதும் தமிழாக எழும்பிவிட்டது. அதைப் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை, லினக்ஸ் போட்ட நாலு நாளில் ஒரே தடவையில் சரிவந்தது அதுதான்.

கடைசியாக லாண்ட்மாஸ்டர். ஒரு காலபோக அறுவடையில் எடுத்த படம். திரை நிறையப் போட்டேன். கைபிடி, என்ஜின், பெட்டியில் நெல் மூட்டை, எல்லாம் பளிச்சென்று. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அப்பா கண்ணாடியைப் போட்டார், கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.

"கீழ வெட்டுப்படுது."

"திரை அவ்வளவுதான் அப்பா. லாண்ட்மாஸ்டர் முழுசா நிக்குதுதானே."

"அது வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை." குசினிப் பக்கம் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "கீழ கொம்மா இருக்கிறா."

முழுப் படத்தைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். பெட்டிச் சில்லுக்குப் பக்கத்தில், வரம்பில், தேத்தண்ணிப் போத்தலோடு அம்மா குந்தியிருக்கிறா. படத்தை முழுதாக அடங்கும்படி மாற்றினேன். லாண்ட்மாஸ்டர் சின்னதாகிப் போனது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி விழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தா.

"நாலு இரவு முழிச்சிருந்து செய்த வேலை உதே? ரெண்டு பக்கமும் கறுப்பாக் கிடக்கு."