ஆத்தா படுக்கிற ரூமில் ஒரு டப்பா

ஐப்பசி மழை விட்ட கையோடு, சென்னிமலைப் பக்கத்து எங்கள் வீட்டுக் காற்றில் ரேடான் என்கிற கதிரியக்க வாயு எவ்வளவு என்று பார்க்க மூன்று டப்பா தொங்கவிட்டேன். ஆசாரம் என்கிற கூடத்தில் ஒன்று, சமையல்கட்டில் ஒன்று, ஆத்தா படுக்கிற உள்ரூமில் ஒன்று.

"சாமி படத்து ஆணியிலேயே மாட்டு கண்ணு" என்றது ஆத்தா. சுவரை ஒட்டி மாட்டக்கூடாது. சுவரிலிருந்து தோரான் என்கிற வாயுவும் வரும். ஒரு நிமிடத்துக்குள் பாதி சிதைந்துவிடும் என்பதால் சுவரோரம்தான் அது அதிகம். நான் தேடியது ரேடானை. அதற்குப் பாதியாக 3.8 நாள் பிடிக்கும், ரூம் முழுக்கப் பரவும்.

நம் கருங்கல்லிலும் மண்ணிலும் துளித்துளியாக யுரேனியம் இருக்கிறது. அது சிதைகிற வழியில் பிறக்கும் ரேடான், தரை வெடிப்பு வழியே வீட்டுக்குள் ஏறுகிறது. நிறம், வாசம் எதுவும் கிடையாது. மூச்சில் போன வாயு பெரும்பாலும் வெளியே வந்துவிடும். அதிலிருந்து பிறக்கிற பொலோனியம் என்கிற கதிரியக்கத் தனிமம்தான் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரலுக்குள் (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஒரு சிதைவு) இருக்கட்டும், முடியாத இடத்தில் 300ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீடியே தொடாத ஆத்தாவுக்கு இந்தக் காற்றால் ஒன்றும் வந்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

டப்பாவுக்குள் எல்.ஆர்.115 என்கிற சிவப்பு பிலிம் துண்டு. ரேடான் சிதையும்போது தெறிக்கிற ஆல்பா துகள் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வடு விழும். 90 நாள் கழித்துக் கழற்றி, 60 டிகிரி சூட்டில் காஸ்டிக் சோடா கரைசலில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தேன். வடுவெல்லாம் ஓட்டையாகிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிவப்புச் சென்னிமலைப் போர்வையில் ஊசி குத்தி வெயிலில் பிடித்த மாதிரி இருந்தது.

ஆசாரத்து பிலிமில் அங்கொன்று இங்கொன்று. ஓட்டு இடுக்கெல்லாம் காற்று வருகிற இடம் அது. உள்ரூம் பிலிமை எண்ணி முடிக்க ஒரு மத்தியானமே போயிற்று. பழைய தரையை அப்படியே விட்டு, மேலே கான்கிரீட் போட்டுப் புதுப்பித்த ரூம். மூலையில் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. பனிக்குப் பயந்து மார்கழி முழுக்க ஜன்னல் சாத்தியே கிடந்தது.

மறுநாளே வெடிப்பைச் சிமெண்ட் வைத்துப் பூசினேன். பூனை வருமே என்ற ஆத்தாவுக்காக ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தேன். இப்போது விடிந்ததும் ஆத்தாவே ஜன்னலைத் திறந்து வைக்கிறது.

புது பிலிம் தொங்குகிறது. ஆனால் தை தாண்டிய வெயில் காலக் கணக்கைப் பனிக்காலக் கணக்கோடு ஒப்பிட முடியாது. அடுத்த ஐப்பசியில் அதே உத்திரத்தில், அதே உயரத்தில் இன்னொன்று மாட்ட வேண்டும்.